ஒரு தறி, எத்தனை நெசவாளர்?

1

மஞ்சித் இன்று காலை ஒரு டப்பா நிறையப் பின்னி உருண்டைகளோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, வெல்லமும் பாதாமும் சேர்த்துப் பிடிக்கிற பஞ்சாபி இனிப்பு அது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். சட்டத்துக்கு என்றாள்.

பெண்கள் சமத்துவச் சட்டத் திருத்தம் எங்கள் மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறி இன்றோடு ஒரு வருடமாம். அந்தத் திருத்தத்துக்கு யோசனை சொன்ன அரசு ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு நாள் மறந்துபோயிருந்தது. குழுவின் பக்கமே வராத மஞ்சித்துக்கு நினைவிருந்தது. சட்டத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற ஒரே மனுஷி இந்த நாட்டில் அவளாகத்தான் இருப்பாள். வெளியே பனி முழங்கால் வரை. அதில் ஊன்றுகோலோடு நடந்து வந்திருக்கிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் ஓர் உருண்டையைத் திணித்துவிட்டாள்.

ஆரணியில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். காரணம், அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அது இந்தக் குளிர் ஊரில் எழுதப்பட்டது என்று இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியடியில் எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

2

என் பெயர் கலைச்செல்வி. கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இங்கிருக்கிற கைப்பிடியளவு தமிழ்க் குடும்பங்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வீட்டுக்கு வந்து, எங்களைப் பற்றியும் எழுதியிருக்கலாமே என்று கேட்பார்கள். கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். மகள் நிலா கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் கேட்டால் சிரிப்பாள்.

புதிதாகக் குடியேறும் பெண்களுக்கு உதவி செய்யும் ஒரு நிலையத்தில் எனக்கு வேலை. எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், அங்கே என்ன கேட்பார்கள், எதற்குத் தலையாட்டக் கூடாது என்றெல்லாம் சொல்லித் தருவேன். பெண்கள் சமத்துவச் சட்டத்தைத் திருத்த அரசு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தபோது, குடியேறிய பெண்களின் சார்பில் ஒருவர் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள்.

ஆலோசனைக் குழு என்றால் என்ன என்று ஆரணியிலிருந்து அண்ணி போனில் கேட்டார். நம் ஊர்க் கல்யாணத்தில் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் கேட்பார்களே, பந்தல் எங்கே போடலாம், சமையலுக்கு யாரை வைக்கலாம் என்று, அதுபோல என்றேன். அவர் சொல்வதைக் கடைசியில் செய்வார்களா என்றார் அண்ணி. செய்ய மாட்டார்கள், ஆனால் கேட்காமல் விட்டால் கோபித்துக்கொள்வார் என்றேன். அரசாங்கச் சம்பளத்தில் பெரியப்பா வேலையா என்று சிரித்தார். சம்பளமும் கிடையாது, காபி மட்டும்தான் என்று சொன்னதும் இன்னும் சிரித்தார்.

முதல் கூட்டத்திலேயே மானம் போனது. தலைவி ஹெலன் ஒரு யோசனையை விளக்கி முடித்ததும், நான் கையைத் தூக்கி எனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்றேன். இடைவேளையில் ஹெலன் என்னைத் தனியே அழைத்து, குழுவின் மீது நம்பிக்கை இல்லையா என்று மிகவும் வருத்தமாகக் கேட்டார். நம் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட டீச்சரிடம் சொல்கிற சொல்லுக்கு இங்கே சந்தேகப்படுகிறேன் என்று அர்த்தமாம். அன்று சாயங்காலம் நிலா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கூடவே, எப்படியும் உங்கள் குழு சொல்வதை அரசு கேட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய் என்றும் கேட்டாள். மகள் அரசியல் படிப்பதில் இதுதான் பேஜார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் என்னைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் இரக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாவம், எங்கிருந்தோ தப்பித்து வந்தவள் என்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று எங்கள் மாநிலம் சட்டம் செய்தபோது, எங்கள் நாடு முழுவதற்கும் அது வர இன்னும் பல வருடம் இருந்தது என்று சொன்னேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்றேன். உங்கள் மாகாணத்தில் எவ்வளவு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் நேராகிவிட்டது என்று பொய்யும் சொல்லவில்லை. எங்கள் அண்ணன் வீட்டுப் பக்கத்துக் கவுன்சிலர் அம்மா முதன்முதலில் ஜெயித்தபோது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தால் அவர் வீட்டுக்காரர்தான் எடுப்பார். இப்போது அந்த அம்மாவே எடுத்துத் திட்டு வாங்கிக்கொள்கிறார். திட்டை நேரில் வாங்குவதும் பதவியின் ஒரு பகுதிதானே. நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் வந்துவிட்டது, நாற்காலி இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவர்கள் நன்றாகத் தலையாட்டினார்கள். அரசாங்கம் மெதுவாக நடப்பது உலகம் முழுக்கப் புரிகிற விஷயம்.

3

இனி மஞ்சித்தின் கதை. அவள் கணவர் பெயரில் நெடுஞ்சாலையோரம் ஒரு சிறிய விடுதி இருக்கிறது. அறை சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு துவைப்பது, காலை உணவு வைப்பது எல்லாம் மஞ்சித். ஒரு குளிர்காலக் காலையில் துவைத்த விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளிப்படியில் இறங்கியவள் பனியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அதே படியில் அவர்கள் வைத்திருந்த வேலைக்காரர் விழுந்திருந்தால் காப்பீடும், சிகிச்சைக்குப் பிறகான பயிற்சியும், குணமாகும் வரை வருமானமும் கிடைத்திருக்கும். மஞ்சித்துக்கு ஒன்றும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அவள் தொழிலாளி இல்லை. வீட்டுக்காரரின் மனைவி, கூடமாட உதவுகிறவள்.

மளிகைக் கடை, உணவகம், தையல் கடை, பண்ணை என்று இப்படிப்பட்ட பெண்கள் இந்த மாகாணம் முழுக்க இருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பண்ணைகளில்கூட இதுதான் கதை. அவர்களையும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஒரு பிரிவை நான் முன்வைத்தேன். குழு அதை ஏற்றால் அரசுக்குப் போகும். ஏற்காவிட்டால் அங்கேயே செத்துவிடும். மஞ்சித் அப்போது நடக்கவே பழகிக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தவர் கிரெகரி. ஓய்வுபெற்ற வழக்கறிஞர். குடும்பத்துக்குள் ஒருவருக்கொருவர் உதவுவதைச் சட்டம் தொடக் கூடாது, அது வேலை அல்ல, வாழ்க்கை என்பது அவர் வாதம். கெட்ட மனிதர் இல்லை. பேச்சுக்கு நடுவே என் பக்கம் திரும்பி, நீங்கள் நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர் அல்லவா என்று கேட்டார். ஆமாம், பட்டு நெசவு என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து. உங்கள் வீட்டில் எத்தனை நெசவாளர்கள் என்றார்.

ஒருவர், என் அப்பா, அவருக்குப் பிறகு என் அண்ணன் என்று சொன்னேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவர் மற்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். இவர்களே தங்களை அப்படி எண்ணிக்கொள்வதில்லை, நாம் ஏன் அவர்கள் மேல் ஒரு பெயரைத் திணிக்க வேண்டும் என்றார். ஹெலன் அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார். என் வாயாலேயே மஞ்சித்தைத் தோற்கடித்துவிட்டு நான் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

4

பேருந்தில் வரும்போதுதான் என் பதில் எவ்வளவு தப்பு என்று உறைத்தது. உங்களுக்குத் தெரியும், இங்கிருப்பவர்களுக்குத் தெரியாது: நம் வீட்டில் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கே ஓடும் ஊடு நூலை ஏந்திப் போகிற நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. தறியில் உட்கார்ந்தவர் உடல் நாடாவைத் தள்ளும்போது, பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் கரை நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் புடவை. அந்தப் பக்கத்து ஆள் என் அம்மா. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் தறி நிற்கும். இன்று ஆள் இல்லை என்று அப்பா தெருவில் சொல்வார். ஆள் என்றுதான் சொல்வார். நெசவாளர் என்றால் அப்பா மட்டும்.

அம்மா மட்டுமா. நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றியது நான். நெடுக்கு நூலான பாவைத் தெருவில் நீட்டியபோது மறுமுனை பிடித்தது அத்தைகள். யாரையும் கணக்கில் சேர்த்ததில்லை. நம் ஊரில் தறியைத்தான் எண்ணுவோம், ஒரு தறிக்கு ஒரு பெயர் சொல்வோம். அந்தப் பழக்கம் விமானம் ஏறி இத்தனை வருடம் கழித்தும் என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் செய்தேன். இங்கே சாயங்காலம், ஆரணியில் விடிந்து வேலை ஆரம்பித்த நேரம். சரளா அண்ணி கண்ணமங்கலத்துக்காரர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா உட்கார்ந்த இடத்தில் அவர் உட்காருகிறார். போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசுவார்.

"இன்னா கலை, ஜல்தி சொல்லு, வேலையா கீறேன்" என்றார்.

நடந்தது எதையும் சொல்லாமல், நம் வீட்டில் எத்தனை நெசவாளர்கள் அண்ணி என்று மட்டும் கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? ஒருத்தருதான். உங்கண்ணன்."

பின்னால் தறியின் டக் டக் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றேன்.

"கரை போட்டுகினு இருக்கேன்" என்றார். சொன்னதும் தறிச் சத்தம் நின்றது. ஏன் நிறுத்தினாய் என்று அண்ணன் அதட்டுவது கேட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சித்தின் இடுப்பு, கிரெகரியின் கேள்வி, என் பதில். அண்ணிக்கு மஞ்சித்துக்காக வருத்தம் வந்தது, எனக்காகக் கோபம் வந்தது. கடைசியில் அவர் சொன்னதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

"அங்க போயி எங்கண்ணி பாவம், கஷ்டப்படறாங்கன்னு சொல்லாத. எனக்குப் புடிக்காது. நான் இல்லாட்டி தறி ஓடாதுன்னு சொல்லு."

அதை எப்படி நிரூபிப்பது என்றேன். கொஞ்சம் இரு என்று சொல்லி வைத்துவிட்டார்.

5

மறுநாள் ஒரு காணொளி வந்தது. அண்ணி எழுந்து நின்று எடுத்தது. தறியில் அண்ணன் மட்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல்: "நீங்கதான நெசவாளரு. நெய்யுங்க, பாக்கலாம்."

அண்ணன் முறைத்தார். விளையாடாதே, வந்து உட்கார் என்றார். அண்ணி அசையவில்லை. சரியென்று அவர் உடல் நாடாவைத் தள்ளிப் பலகையை அடித்தார், மறுபடி தள்ளினார். அரக்கு நிற உடல் விரலளவு வளர்ந்தது. அதன் பக்கத்தில் பச்சைக் கரையின் பாவு இழைகள் ஊடு இல்லாமல் மொட்டையாக நின்றன. உடல் தனி, கரை தனி, நடுவே விரல் நுழைகிற சந்து. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நாடாவைக் கீழே வைத்தார்.

"ஒத்த ஆளா எப்டி நெய்யறது? ரெண்டு பேரு வேணாமா?" என்றார் எரிச்சலோடு.

காணொளி அங்கே முடிந்தது. நெய்த அந்தப் பகுதியைப் பிரித்தெடுக்க அன்று காலை முழுக்கப் போய்விட்டதாம். அண்ணன் அன்று மத்தியானம் வரை பேசவில்லையாம். பரவாயில்லை, சாப்பாடு மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கினார் என்றார் அண்ணி.

அடுத்த கூட்டத்தில் அதைச் சுவரில் போட்டுக் காட்டினேன். முதலில் கோர்வையை விளக்கினேன். பிறகு, போன கூட்டத்தில் நான் சொன்ன பதில் தப்பு, அதே தப்பை என் அண்ணியும் சொன்னார், இதோ என் அண்ணன் என்று ஓட விட்டேன். அவர் கடைசியில் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். எங்களை நாங்களே எண்ணாமல் விட்டது எங்கள் பழக்கம், அதற்காக வேலை நடக்காமல் போகவில்லை, சட்டம் பழக்கத்தை எண்ணக் கூடாது, வேலையை எண்ண வேண்டும் என்று சொன்னேன். இதைச் சொல்லும்போது என் ஆங்கிலம் எங்கே தடுக்கியது என்று எனக்குத் தெரியாது. யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

கிரெகரி காணொளியை இன்னொரு முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். சரளா என்றேன். சாரா-லா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, நீங்கள் எழுதியிருக்கிற வாசகம் நீதிமன்றத்தில் நிற்காது, நான் எழுதித் தருகிறேன் என்றார். அவர் எழுதித் தந்ததைக் குழு ஏற்றது, கடைசி வரை அதுவே நின்றது. ஒருவரின் உழைப்பு இல்லாமல் தொழில் நடக்காது என்றால், பெயர் யாருடையதாக இருந்தாலும் அவரும் தொழிலாளிதான் என்பது அதன் சாரம். எதிர்த்தவர் கையாலேயே அது எழுதப்பட்டதில் எனக்கு இன்றும் பெருமை.

அதற்குப் பிறகு அரசாங்கம் அரசாங்கமாக நடந்துகொண்டது. பரிந்துரை கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில். அமைச்சர் மாறினார், புது அமைச்சருக்கு முதலிலிருந்து சொன்னோம். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம், அதே விளக்கத்தை வேறொரு துறை கேட்டது. நிலா என்னைப் பார்த்து, நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டாள். ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு அந்தக் காணொளியைக் கேட்டு வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள்.

மசோதா நிறைவேறிய அன்று பார்வையாளர் மாடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள்தான். நான் கூப்பிடவில்லை. பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பிரிவு வந்தபோது நிலா என் கையைப் பிடித்து, "அம்மா, இது அத்தையோடது இல்ல?" என்றாள். தமிழில் கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு குறையும் உண்டு. சட்டம் அன்றிலிருந்துதான் செல்லும், பின்னால் போகாது. அதற்கு முன்பே நடந்த மஞ்சித்தின் விபத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முன்பே தெரிந்துவைத்திருந்தாள். இனிமேல் என் மருமகள் விழுந்தால் அவள் தொழிலாளி, அது போதும் என்றாள். பிறகு, மருமகள் விழக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

6

இன்று காலைப் பின்னி உருண்டைக்குப் பிறகு அண்ணிக்குப் போன் செய்து, உங்கள் சட்டத்துக்கு ஒரு வயது என்றேன். என் சட்டமா, அது கனடா சட்டம், ஆரணியில் அது பஸ் ஏறுவதற்குக்கூட உதவாது என்றார். உண்மைதான். இங்கே எழுதிய பிரிவுக்கு அங்கே ஓர் அதிகாரமும் கிடையாது. ஆனாலும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

போன வாரம் வீடு வீடாக நெசவாளர் கணக்கெடுக்க ஒருவர் வந்தாராம். அண்ணன் வாசலில் நின்று பேசினார். அண்ணி தறியடியில் கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் என்ன சொல்லப் போகிறார் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை தறி என்று வந்தவர் கேட்டார். ஒரு தறி என்றார் அண்ணன். அப்போ நெசவாளர் ஒருத்தர் என்று வந்தவரே சொல்லிக்கொண்டு எழுதப் போனார்.

இல்லை, ரெண்டு பேர் என்றார் அண்ணன்.

வந்தவர் தறி ஒன்று என்றுதானே சொன்னீர்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். கோர்வைத் தறி சார், ஒற்றை ஆளாக நெய்ய முடியாது என்று அண்ணன் அவருக்குப் பொறுமையாக விளக்கினாராம். இன்னொருத்தர் பெயர் என்ன என்று அவர் கேட்டதும், அண்ணன் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"சரளா, வெளிய வா. உன் பேர நீயே சொல்லு."

அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாசலுக்கு வந்த யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சரளா, நெசவாளர்னு சொன்னேன் கலை. எதுர் வீட்டு ஜக்காடு தறி சத்தத்தையும் தாண்டி, தெருவுக்கே கேக்கற மாரி சொன்னேன்."